இரண்டு சங்கொலிகளுக்கு நடுவே 24 நிமிடம்: ஜாப்ளின் நகரில் ஒரு குடும்பம் எடுத்த முடிவுகள்

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஜாப்ளின் நகரில் மாலை 5:11-க்கு அபாயச் சங்கு, அதாவது சைரன், ஊதியது. மூன்று நிமிடம் ஊதிவிட்டு நின்றது. 5:38-க்கு மறுபடி ஊதியது. அந்த நேரத்தில் டொர்னேடோ எனப்படும் சுழற்காற்று நகரின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தது. அன்று இறந்தவர்கள் 161 பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். 1947-க்குப் பிறகு அந்த நாட்டில் ஒரே சுழற்காற்று இத்தனை உயிர்களைக் கொண்டுபோனதில்லை.

முன்னறிவிப்பே இல்லாமல் மக்கள் மாட்டிக்கொண்டதாக இருந்திருந்தால் இதை எழுத அவசியம் வந்திருக்காது. கருவிகள் வேலை செய்தன, வானிலை அலுவலகம் நேரத்தோடு எச்சரித்தது, ஊர் முழுக்கச் சங்கு கேட்டது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் முதல் சங்குக்கு அசையவில்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வு. அதைப் பார்க்க ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை, நிகழ்வுக்குப் பிறகு ஜாப்ளினில் கிட்டத்தட்ட நூறு பேரிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையில் பெயரில்லாமல் பதிவாகியிருக்கும் ஒருவரின் வீடு அது.

ஊர்

சுமார் 50,000 பேர் வாழும் ஊர் ஜாப்ளின். ஒரு காலத்தில் ஈயமும் துத்தநாகமும் தோண்டிப் பிழைத்த சுரங்க ஊர். தரை பாறையும் ஈரமுமாக இருப்பதால் வீடுகளுக்கு நிலவறை தோண்டுவது அங்கே வழக்கமில்லை. ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் நிலவறை கிடையாது. சுழற்காற்று வந்தால் ஒளிய நல்ல இடம் வீட்டுக்கு அடியில்தான் என்பதால், இந்தக் குறை பின்னால் உயிர்க்கணக்கில் வந்து சேர்ந்தது. நாம் பார்க்கப்போகும் வீட்டில் நிலவறை இருந்தது. அந்த ஊரில் அது பெரிய அதிர்ஷ்டம்.

சுழற்காற்று அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வசந்த காலம் வந்தால் வானம் கறுக்கும், சங்கு ஊதும், மழை கொட்டும், கலையும். "நம்ம ஊரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விடும்" என்ற நம்பிக்கை ஊரில் பரவலாக இருந்தது. ஊரைச் சுற்றி ஏதோ பாதுகாப்புக் குமிழி இருக்கிறது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

சங்கு என்னும் கருவி

நம் ஊர்களில் மில் சைரனைச் சங்கு என்பது பழக்கம். கோவை, மதுரை மில் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: எட்டு மணிச் சங்கு ஊதினால் யாரும் திடுக்கிடுவதில்லை, ஷிஃப்ட் மாறுகிறது, சோறு வடிக்க நேரமாகிவிட்டது என்று அர்த்தம். ஒலி ஒன்றுதான், அர்த்தத்தைக் கொடுப்பது பழக்கம். ஜாப்ளினைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பொறிமுறைச் சங்கின் உள்ளே துளைகள் வெட்டிய ஓர் உருளை வேகமாகச் சுழல்கிறது. அதைச் சுற்றி அதேபோல் துளைகள் கொண்ட அசையாத கூடு. துளையும் துளையும் நேர்ப்படும்போது காற்று பீய்ச்சி வெளியேறுகிறது, விலகும்போது அடைபடுகிறது. நொடிக்கு 50 சுற்று, பத்துத் துளை என்றால் நொடிக்கு 500 துடிப்பு. அதுதான் நம் காதில் விழும் சுருதி. மோட்டார் வேகம் எடுக்க எடுக்கச் சுருதி ஏறுவதும், மின்சாரத்தை நிறுத்தியதும் முனகிக்கொண்டே இறங்குவதும் இதனால்தான்.

அமெரிக்காவில் இந்தக் கருவியை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தது பனிப்போர். குண்டுவீச்சு அச்சத்தில் 1952-ல் கிறைஸ்லர் கார் நிறுவனம் ஒரு சங்கு செய்தது. 180 குதிரைத்திறன் வி-8 எஞ்சினை வைத்து 30 மீட்டர் தொலைவில் 138 டெசிபல் எழுப்பிய ராட்சதன் அது. அதே ஆண்டு ஃபெடரல் சிக்னல் நிறுவனம் தண்டர்போல்ட் என்ற சங்கைக் கொண்டுவந்தது. தனியாக ஓர் ஊதுகருவி காற்றை அழுத்தித் தள்ள, சுழலும் கொம்பு அதை நாலாபக்கமும் வீசும். 1901-ல் தொடங்கிய அந்த நிறுவனம் இன்றும் இத்துறையில் இருக்கிறது. கனெக்டிகட்டின் வீலன், மில்வாக்கியின் அமெரிக்கன் சிக்னல் போன்றவை இப்போதைய மற்ற தயாரிப்பாளர்கள். இவர்களில் பலர் உருளைச் சங்கோடு, ஒலிபெருக்கி அடுக்குகளால் ஆன மின்னணுச் சங்குகளையும் விற்கிறார்கள். மின்னணுச் சங்கில் மனிதக் குரலையும் ஒலிபரப்ப முடியும்.

விமானமும் குண்டும் வராத ஊர்கள் அந்தச் சங்குக் கம்பங்களைச் சுழற்காற்றுக்குப் பயன்படுத்தத் தொடங்கின. கருவியோடு பழைய விதிகளும் கூடவே வந்தன. குடிமைப் பாதுகாப்பு வழிகாட்டியில் எச்சரிக்கை ஒலி மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை. சுழற்காற்று எச்சரிக்கையோ அரை மணி, முக்கால் மணி நேரம் செல்லும். மூன்று நிமிடம் ஊதி நின்றபின் மிச்ச நேரம் என்னவென்று சங்கு சொல்வதில்லை. இந்தப் பொருத்தமின்மையைப் பல பத்தாண்டுகளாக யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று: இவை வெளியில் இருப்பவர்களுக்கான கருவிகள். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 10 டெசிபல் குறையும் என்பது வழிகாட்டியின் கணக்கு. 30 மீட்டரில் 130 டெசிபல் எழுப்பும் சங்கு, இரண்டு கிலோமீட்டரில் 70-க்கு இறங்கிவிடும். சன்னலை அடைத்த வீட்டின் சுவர் அதில் மேலும் 20-ஐ எடுத்துக்கொள்ளும். ஏசியும் தொலைக்காட்சியும் ஓடும் அறையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

5 மணி வரை

பிற்பகல் 1:30-க்கே வானிலைச் சேவை "சுழற்காற்று உருவாகச் சூழல் உண்டு" என்ற முன்கூட்டிய அறிவிப்பை இரவு 9 மணி வரை கொடுத்திருந்தது. அன்று உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பட்டமளிப்பு. விழா பள்ளியில் அல்ல, ஊரிலுள்ள மிசௌரி சதர்ன் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. அது முடிந்து குடும்பங்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. பள்ளிக் கட்டடம் அன்று மாலை சிதைந்தது, உள்ளே கூட்டம் இருக்கவில்லை. விழா வேறிடத்தில் நடந்ததை ஊரார் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்ளலாம்.

மாலை 5:09-க்கு ஓர் எச்சரிக்கை வந்தது. அது ஜாப்ளினின் வட பகுதியையும் அதற்கு மேலுள்ள இடங்களையும் உள்ளடக்கியது. 2007 அக்டோபருக்கு முன்பு இத்தகைய எச்சரிக்கைகள் மாவட்டம் மாவட்டமாக வரும். அதன்பின் புயலின் பாதையை ஒட்டிப் பலகோணமாக வரைகிறார்கள். அதனால் ஒரே ஊரின் ஒரு பகுதி எச்சரிக்கைக்கு உள்ளேயும் மறுபகுதி வெளியேயும் இருக்க முடியும். முன்னேற்றம்தான். ஆனால் சங்குக்கு எல்லைக்கோடு புரியாது.

5:11: முதல் முடிவு

சங்கை அழுத்துவது வானிலைச் சேவையல்ல, உள்ளூர் நெருக்கடி மேலாண்மை அலுவலர்தான். இதை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. ஜாப்ளினின் விதிப்படி, நகரை நோக்கிச் சுழற்காற்று வருவதாகத் தகவல் வந்தாலோ, மணிக்கு 75 மைல், அதாவது சுமார் 120 கிலோமீட்டருக்கு மேல் காற்று எதிர்பார்க்கப்பட்டாலோ சங்கு ஊதலாம். 5:09 எச்சரிக்கை வந்து இரண்டு நிமிடத்தில் ஊதினார்கள்.

இதில் குற்றம் காண்பது எளிது. நான் காணவில்லை. எச்சரிக்கை நகரின் ஒரு பகுதியைத் தொட்டது. ஊதாமல் இருந்து ஏதாவது நடந்திருந்தால் அந்த அலுவலர் யாருக்கும் பதில் சொல்ல முடிந்திருக்காது. முன்னதாக ஊதினால் மக்களுக்கு நேரம் கிடைக்கும் என்பது நல்லெண்ணமான, நியாயமான கணக்கு.

மூன்று நிமிடத்தில், 5:14-க்கு, சங்கு நின்றது. அடுத்த மூன்றாவது நிமிடம், 5:17-க்கு, வானிலைச் சேவை இரண்டாவது எச்சரிக்கையை வெளியிட்டது. இந்த முறை தெற்கு ஜாப்ளினும் அதற்குள் இருந்தது. ஆபத்து உண்மையிலேயே இவர்களை நோக்கித் திரும்பியதைச் சொன்ன தகவல் இதுதான். இது வந்தபோது ஊரில் சங்கொலி இல்லை.

ஒரு வீடு

முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்த அந்த மனிதர் முதல் சங்கைக் கேட்டார். சோம்பி உட்கார்ந்துவிடவில்லை. நேராகத் தொலைக்காட்சிக்குப் போனார். அதில் எச்சரிக்கை ஓடியது: சுழற்காற்று இருப்பதாகச் சொல்லப்பட்ட இடம் அவர் வீட்டுக்கு வடக்கே ஏழு மைல், சுமார் 11 கிலோமீட்டர். 5:09-க்கு வந்த அறிவிப்பின் பாதை அது.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார்: சங்கு கேட்டது, தகவல் தேடினார். தகவலும் கிடைத்தது. அது பொய்யல்ல, அந்த நிமிடத்துக்கு உண்மை. "வடக்கே" என்ற சொல் அவர் மனதில் பதிந்தது. அடுத்த அரை மணி நேரமும் அது அங்கிருந்து நகரவில்லை.

குடும்பத்தோடு முன்வாசல் திண்ணைக்கு வந்தார். ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். வானத்தைப் பார்த்தார். வழக்கமான இடிமழை போலத்தான் இருந்தது. அன்றைய சுழற்காற்று மழைத்திரைக்குள் மறைந்து வந்தது. படங்களில் பார்க்கும் தும்பிக்கை போன்ற உருவத்தைத் தேடிய கண்ணுக்கு ஒன்றும் தென்படாமல் போனதில் வியப்பில்லை. சங்கும் நின்றிருந்தது. நின்றால் ஆபத்து போய்விட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை.

5:34-க்கு, நகரின் தென்மேற்கு எல்லைக்கு வெளியே, சுழற்காற்று தரையைத் தொட்டது. இரண்டாவது எச்சரிக்கை வந்து 17 நிமிடம் ஆகியிருந்தது.

5:38

சங்கு மறுபடி ஊதியது. ஒரே மாலையில் இரண்டு முறை ஊதுவது அவருக்குப் பழக்கமில்லாதது. ஏதோ சரியில்லை என்று முதல்முறையாகத் தோன்றியது. உள்ளே போய் உள்ளூர்த் தொலைக்காட்சி அலைவரிசைகளைப் பார்த்தார். திரையில் பல மாவட்டங்கள் எச்சரிக்கை நிறத்தில் இருந்தன. ஆனால் வழக்கமான நிகழ்ச்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆபத்து இன்னும் வடக்கேதான் என்று எடுத்துக்கொண்டார்.

அப்போது அவர் மனைவி கத்தினார்: "பேஸ்மென்ட்!"

அவர் பூனையை வாரி எடுத்துக்கொண்டார். மகனைக் கிளம்பச் சொன்னார். நிலவறைப் படிக்கட்டின் மேற்படியை அவர்கள் எட்டியபோது சுழற்காற்று தாக்கியது. வீடு அழிந்தது. அறிக்கையில் அவர் சொன்ன வரிசை அங்கே நிற்கிறது. சொல்வதற்கு அவர் உயிரோடிருந்தார்.

காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டியது. அகலம் ஒன்றரை கிலோமீட்டர் வரை. தரையோடு மொத்தம் 35 கிலோமீட்டர் ஓடி 6:12-க்கு அடங்கியது. நகரின் பெரிய மருத்துவமனையும் அதன் பாதையில் இருந்தது.

ஏன் அப்படி முடிவெடுத்தார்கள்

அந்த மனிதர் முதல் சங்கிலிருந்து படிக்கட்டு வரை எடுத்த அடிகளை எண்ணினால் ஒன்பது வருகிறது. அவற்றில் ஐந்தாறு, தகவலை உறுதிசெய்துகொள்ள எடுத்தவை. வானிலைச் சேவை பேசிய மற்றவர்களிடமும் இதே கோலம்தான்: ஒரு குறிப்புக்கு யாரும் ஓடவில்லை. இரண்டு, மூன்று குறிப்புகள் சேர்ந்து, அவற்றில் ஒன்றாவது வழக்கத்துக்கு மாறாக இருந்தபோதுதான் ஓடினார்கள். பலருக்கு அந்த மாறான குறிப்பு இரண்டாவது சங்கு. சிலருக்குக் கண்ணால் கண்டது, காதால் கேட்ட இரைச்சல்.

இதை அலட்சியம் என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாடு முழுவதும் அக்காலத்தில் வெளியான சுழற்காற்று எச்சரிக்கைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று, சுழற்காற்று வராமலே முடிந்தன. கறுத்த மேகத்துக்கெல்லாம் ஊதுகிறார்கள் என்று ஜாப்ளின் மக்கள் சலித்துக்கொண்டார்கள் என்றால், அவர்கள் அனுபவம் அப்படித்தான் இருந்தது. பலத்த காற்றுக்கும் சுழற்காற்றுக்கும் ஒரே சங்கு, ஒரே ஒலி. எதற்கு ஊதுகிறது என்று அவர்கள் எப்படித்தான் பிரித்தறிவது? ஒவ்வொரு முறையும் நிலவறைக்கு ஓடுகிறவர் வாழ்க்கை நடத்த முடியாது.

ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கையின் இரண்டு வேலைகளைப் பிரித்துச் சொல்வதுண்டு: ஒன்று, கவனத்தை இழுப்பது. இன்னொன்று, என்ன, எங்கே, யாருக்கு, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது. சங்கால் முதல் வேலையை மட்டுமே செய்ய முடியும். 2017 ஏப்ரல் 7 நள்ளிரவை ஒட்டி டெக்சாஸின் டல்லாஸ் நகரில் 156 சங்குகளும் ஒரே நேரத்தில் அலறின. வெளியாள் ஒருவர் ரேடியோ சமிக்ஞை அனுப்பித் தட்டிவிட்ட விஷமம் அது. வானம் தெளிவாக இருந்தது. சிரியாவில் அமெரிக்க ஏவுகணைகள் பாய்ந்த மறுநாள் என்பதால் போர் வந்துவிட்டதோ என்று பயந்தவர்கள் உண்டு. அவசர எண் 911-க்கு 4,400-க்கும் மேற்பட்ட அழைப்புகள் குவிந்தன. ஜாப்ளினில் சங்குக்குப் பழகிப்போய் மக்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள், டல்லாஸில் பதறிப்போய்த் தொலைபேசியை எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் சங்கு சொன்னது "ஏதோ ஒன்று" என்பது மட்டும்தான். மிச்சத்தை மக்கள் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் வேலை செய்த எச்சரிக்கை எது என்று கேட்டால், மனைவி சொன்ன அந்த ஒற்றைச் சொல்தான். அதில் இடம் இருந்தது. செய்ய வேண்டியது இருந்தது. இப்போதே என்பது குரலில் இருந்தது. நம்பத் தகுந்தவர் சொன்னது என்பதும் சேர்ந்திருந்தது. நகரின் கம்பங்கள் அத்தனையாலும் கொடுக்க முடியாததை அந்த அம்மாள் ஒரு மூச்சில் கொடுத்தார்.

பின்பு நடந்தது

வானிலைச் சேவையின் அறிக்கை அதே ஆண்டு கோடையில் வந்தது. 2012 ஏப்ரலில் கன்சாஸ், மிசௌரி மாநிலங்களின் ஐந்து அலுவலகங்களில் எச்சரிக்கையின் மொழியை மாற்றிப் பார்த்தார்கள். எல்லாச் சுழற்காற்றுக்கும் ஒரே வாசகம் என்பதை விட்டு, சேதம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதைப் படிநிலைப்படுத்தி வெளிப்படையாகச் சொல்லும் முறை. பின்னர் அது நாடு முழுதும் பரவியது. அதே ஏப்ரலில்தான் கைப்பேசிக்கு நேராக வரும் அவசர எச்சரிக்கையும் தொடங்கியது. அது எழுத்தில் வருவது, இடத்தைப் பொறுத்து வருவது. ஓராண்டு முன்பே வந்திருந்தால் 5:17 எச்சரிக்கை அந்தத் திண்ணையை எட்டியிருக்கக் கூடும் என்ற எண்ணத்தை என்னால் தள்ள முடியவில்லை.

அமெரிக்காவின் தரநிலை மற்றும் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம் தனியாக விசாரித்து 2014 மார்ச்சில் இறுதி அறிக்கை கொடுத்தது: 47 கண்டறிதல்கள், 16 பரிந்துரைகள். இறந்த 161 பேரில் 135 பேரின் மரணம் கட்டடங்கள் சிதைந்ததோடு தொடர்புடையது என்று அது சொன்னது. எச்சரிக்கை மட்டும் போதாது, ஒளிய இடமும் வேண்டும் என்பதற்கு இதைவிட அழுத்தமான எண் தேவையில்லை. கட்டட வடிவமைப்புக்காக அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் வெளியிடும் ஏ.எஸ்.சி.இ 7-22 தரநிலையில் சுழற்காற்றுச் சுமை, அதாவது கட்டடம் தாங்க வேண்டிய சுழற்காற்றின் விசை, முதல்முறையாக இடம்பெற்றது இந்தத் தொடரின் ஒரு கண்ணி. ஜாப்ளின் பள்ளிகளில் பாதுகாப்பு அறைகள் கட்டப்பட்டன.

சங்கைப் பற்றியும் அந்த அறிக்கை பேசியது: ஊருக்கு ஊர் ஒரு விதி என்றிருப்பது குழப்பத்தை வளர்க்கிறது, தெளிவான, சீரான, பொதுவான வழிகாட்டுதல் வேண்டும். அதையொட்டிப் பின்னர் சங்குகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கான வழிகாட்டி ஆவணம் ஒன்றையும் அந்த நிறுவனம் வெளியிட்டது. ஆனால் அமெரிக்காவில் சங்கு உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. எப்போது ஊதுவது, எத்தனை நிமிடம், எதற்கெல்லாம் என்பதை இன்றும் அந்தந்த ஊர்தான் முடிவு செய்கிறது.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதலாவது, 24 நிமிட மௌனம். எச்சரிக்கை நடப்பில் இருக்கும்வரை சில நிமிட இடைவெளியில் சங்கு திரும்ப ஊத வேண்டும், அல்லது புதிய எச்சரிக்கை வரும் ஒவ்வொரு முறையும் ஊத வேண்டும். 5:17-க்கு மறுபடி ஒலித்திருந்தால் அந்த மனிதர் மறுபடி தொலைக்காட்சிக்குப் போயிருப்பார். அவர் பழக்கம் அதுதான் என்பதை 5:38 காட்டுகிறது. 21 நிமிடம் முன்னதாகப் போயிருப்பார். இது கருவியை மாற்றாமல், காசு செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றம். எதிர்வாதம் ஒன்று உண்டு: அடிக்கடி ஊதினால் சலிப்பு கூடும். அதற்கு விடை, பலத்த காற்றுக்கு ஊதுவதை நிறுத்துவது. ஒரு சங்குக்கு ஒரு பொருள்.

சங்கு நிற்பதற்கும் ஆபத்து நீங்குவதற்கும் சம்பந்தமில்லை என்பதை மாதாந்திரச் சோதனை ஒலியின்போதே ஊராருக்குச் சொல்லிவைக்க வேண்டும். சோதனை நாளில் ஒலியை மட்டும் சோதிக்கிறார்கள். கேட்டவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதையும் சோதிக்கலாம்: பத்து வீட்டுக்குப் போய், "இப்போது ஊதியதே, நிஜமாக ஊதினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

தொலைக்காட்சித் தகவலில் நேரம் இல்லை என்பது எனக்கு உறுத்தும் இன்னொரு குறை. "ஏழு மைல் வடக்கே" என்பது 5:09-ன் செய்தி. அது எத்தனை மணிக்குச் சொன்னது, எப்போது காலாவதியாகும் என்பது இடத்தைப் போலவே பெரிய எழுத்தில் வர வேண்டும். பழைய உண்மை, மனதில் பதிந்தபின், புதிய உண்மைக்கு இடம் கொடுப்பதில்லை.

கடைசியாகக் குரல். மின்னணுச் சங்கு தயாரிப்பாளர்கள் பேச்சை ஒலிபரப்பும் வசதியை விற்கிறார்கள், ஊர்களும் ஆசையோடு வாங்குகின்றன. வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று நொடி ஆகும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்பவர் காதில் ஒரே வாக்கியம் முன்னும் பின்னுமாக விழுந்து கஞ்சியாகிவிடும். காற்றும் மழையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். நீண்ட அறிவிப்பு எடுபடாது. ஓரிரண்டு சொல், நடுவில் நல்ல இடைவெளி, மறுபடி அதே சொல்.

அந்தச் சொல்லை எழுதவேண்டியது அலுவலகக் கோப்பின் மொழியில் அல்ல. நம் ஆற்றங்கரைகளில் அணை திறக்கும்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போய் அறிவிக்கிறார்கள். "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று முடிவதற்குள் ஆட்டோ தெருமுனையைத் தாண்டிவிடுகிறது. ஜாப்ளின் வீட்டில் அந்த அம்மாள் கத்தியது ஒரே சொல். நம் கரையோரத்துக் கம்பங்களில் பதிவுசெய்து வைக்க எனக்குத் தோன்றுவது "மேட்டுக்கு ஓடுங்க" என்பதுதான். அந்தந்த ஊர் மீனவர்களையும் கரைவாசிகளையும் கேட்டால் இதைவிடச் சுருக்கமான, அவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல் கிடைக்கும். அதைப் பதிவுசெய்யும் குரலும் அவர்கள் ஊருக்குத் தெரிந்த ஒருவருடையதாக இருக்கலாம்.